தொட்டுத் தீரும் வலியும் தொடக்கூடாத வலியும்



சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க அரங்கின் வாசலில் சில சகோதரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். "பேரனுக்கு மாலிஷ் செய்ய ஆள் வைத்திருக்கிறோம். மருமகள் வேண்டாம் என்கிறாள். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார் இன்னொருவர். சர்க்கரைப் பொங்கல் தொன்னையுடன் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "எனக்குக் கழுத்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நாட்டியம் தொடங்கிவிட்டதால் நான் தப்பித்தேன்.

தப்பித்தேனே தவிர, கேள்விகள் என்னை விடவில்லை. ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது. அதனால்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. டில்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பல்லாயிரம் முதுகுகளையும் தோள்களையும் முழங்கால்களையும் தொட்டுப் பார்த்த அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. அதையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். கட்டுரையில் மற்றதை மறந்தாலும் அந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கலை

வலிக்கிற இடத்தில் கை தானாகப் போய்விடுகிறது. இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த இயல்பை ஒழுங்குபடுத்தி மருத்துவமாக ஆக்கியவர்கள் பல நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

நம் சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகள் 32 வகை என்றும் வெளியே செய்யும் மருத்துவம் 32 வகை என்றும் கணக்கு உண்டு. அந்த வெளி மருத்துவத்தில் ஒன்றுதான் 'தொக்கணம்'. இதில் ஒன்பது விதம் சொல்லப்படுகிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகளால் கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்பன அவை. கன்னியாகுமரிப் பக்கத்தில் வர்ம ஆசான்கள் செய்யும் தடவு முறையும் இதற்கு உறவுதான். வடமொழியில் சரகர் பெயரால் வழங்கும் நூலிலும் தினசரி ஒழுக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது ஒரு பகுதி. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டஸும் தேய்த்துவிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இன்று ஊருக்கு ஊர் பலகை தொங்கும் 'ஸ்வீடிஷ் மஸாஜ்' என்பதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பேர் ஹென்றிக் லிங். அவர் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்விக்கு ஒரு நிலையம் தொடங்கினார். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று கை வேலையைத் தரம் பிரித்து, இன்றும் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களோடு பரப்பியவர் டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். மாணவியாக இருந்தபோது இந்தப் பிரெஞ்சுப் பெயர்களை உருப்போட்டுப் பரீட்சை எழுதினேன். பிறகு ஒரு விடுமுறையில் ஊரில் சித்த வைத்தியர் ஒருவர் தொக்கணத்தின் ஒன்பதையும் விரல் விட்டுச் சொன்னபோது, பாதிக்கு மேல் அதே வேலைதான் என்று தெரிந்து வெட்கப்பட்டேன்.

இன்னொரு செய்தி, வட இந்தியாவில் வாழும் நமக்குச் சுவையானது. தலைக்கு நாம் போட்டுக்கொள்ளும் 'ஷாம்பூ' என்ற சொல், அமுக்கிவிடு என்று பொருள்படும் ஹிந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 1759இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரை நகரில் ஒரு குளியல் நிலையம் நடத்தி, நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையும் கொடுத்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு மன்னர்களுக்கு 'ஷாம்பூ' மருத்துவராக நியமனம் பெற்றார். நம் தெருமுனை நாவிதர் போடும் 'சம்பி' இங்கிலாந்து அரண்மனை வரை போன கதை இது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

குழந்தை கீழே விழுந்து முட்டியில் அடிபட்டால் ஓடிப்போய்த் தேய்த்துவிடுகிறோம். அழுகை நிற்கிறது. இது வெறும் சமாதானம் அல்ல. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் பருமனானவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. இரண்டும் முதுகுத்தண்டில் ஒரு வாசலைக் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும். தொடு உணர்வு முந்திக்கொண்டு வந்தால், அந்த வாசலில் வலிக்கு வழி குறுகிவிடுகிறது. 1965இல் மெல்ஸாக், வால் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட இந்த 'வாயிற்கதவுக் கோட்பாடு' பின்னால் பல திருத்தங்களைக் கண்டாலும், அதன் மையக் கருத்து இன்றும் நிற்கிறது.

நம் தோலில், குறிப்பாக ரோமம் உள்ள தோலில், இன்னொரு வகை மெல்லிய நரம்பிழை இருக்கிறது. ஒரு நொடிக்குச் சுமார் 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக நீவும்போதுதான் இது நன்றாக விழித்துக்கொள்கிறது. தாய் குழந்தையின் முதுகைத் தடவும் வேகம் ஏறத்தாழ இதுதான். அவசர அவசரமாகத் தேய்த்தால் இந்த இழை அவ்வளவாகப் பேசுவதில்லை. மெதுவாகப் பிடித்துவிடும்போது மூச்சு நிதானமாகி, நாடித்துடிப்புத் தணிந்து, இறுகிய தசை தளர்வதையும் காணலாம். என் மேஜையில் பத்து நிமிடத்தில் குறட்டை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மஸாஜ் செய்தார்கள். பிறகு இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மஸாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லின் சக்தி நிலையங்களைப் புதுப்பிக்கும் சமிக்ஞை கூடியிருந்தது. ஆனால் 'லாக்டிக் அமிலம்' சற்றும் குறையவில்லை. "மஸாஜ் செய்தால் தசையில் தேங்கிய அமிலம் வெளியேறும், உடம்பின் நச்செல்லாம் கரைந்து போகும்" என்று விளம்பரம் செய்பவர்களை இனி நம்ப வேண்டாம். நச்சை வெளியேற்ற ஆண்டவன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கொடுத்திருக்கிறான். அது போதும்.

எதற்குப் பயன்? எதற்குப் பயன் இல்லை?

புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதலில் மாத்திரையை நாடாமல் ஒத்தடம், மஸாஜ் போன்றவற்றைச் செய்து பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வழிகாட்டியது. அதே சமயம், 2015இல் வெளிவந்த 'காக்ரேன்' தொகுப்பாய்வு, இடுப்பு வலிக்கு மஸாஜ் தரும் நிவாரணம் குறுகிய காலத்துக்குத்தான் என்றும், சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்றும் சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். பிடித்துவிட்டால் கதவு திறக்கும். திறந்த கதவு வழியாக நோயாளிதான் நடந்து போக வேண்டும். அதாவது, தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். வலி குறைந்த அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் அதே வலியோடு வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் தேய்மானத்துக்கு 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு மணி நேரம் என எட்டு வாரம் மஸாஜ் செய்துகொண்டவர்களுக்கு வலியும் விறைப்பும் நன்றாகக் குறைந்தன. ஆண்டு முடிவில் பார்த்தபோது மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே தேய்ந்த மூட்டு மஸாஜினால் மீண்டும் வளராது. வலி தணியும், நடக்கத் தெம்பு வரும், அவ்வளவே. வயதானவர்களுக்கு அதுவே பெரிய காரியம் அல்லவா?

கழுத்து, தோள்பட்டை இறுக்கம், மனப் பதற்றம், தூக்கமின்மை, நீண்ட நோயில் படுத்திருப்பவர்களின் சோர்வு இவற்றுக்கெல்லாம் பலன் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கிப்போகிறவர்களுக்கு மிக மென்மையான ஒரு நீவுதல் முறை இருக்கிறது. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் வகுத்த முறை அது. ஆனால் பயிற்சி பெற்ற கைதான் அதைச் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தைராய்டு இவற்றை மஸாஜ் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தைக்கு எண்ணெய்

1988இல் என் மூத்த மகன் பிறந்தபோது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கும்பகோணத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். கூடவே ஒரு பெரிய தகரத்தில் செக்கு நல்லெண்ணெயும் வந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி மாதாஜியோ, பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய்தான் டில்லிக் குளிருக்கு ஏற்றது என்று தினமும் கிண்ணத்தோடு வந்துவிடுவார். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. மாதாஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சண்டை மட்டும் தெளிவாக நடந்தது. நடுவில் பிசியோதெரபி படித்த நான்.

இரண்டு பாட்டிகளும் ஒரு விஷயத்தில் சரியாகவே இருந்தார்கள். குழந்தையைத் தொட்டு நீவுவது நல்லது. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் என்ற ஆய்வாளர் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் என 10 நாட்கள் நீவிவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகள் அளவே பால் குடித்தும், நாளுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டன. ஏறக்குறைய ஆறு நாட்கள் முன்னதாகவே வீடு திரும்பின. நம் பாட்டிமார் கால் நீட்டி உட்கார்ந்து செய்ததை மேல்நாட்டு மருத்துவமனை தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டது.

எந்த எண்ணெய்? டாக்காவில் குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்றுகள் கணிசமாகக் குறைந்தன. கடுகெண்ணெய் தோலின் காப்பு அடுக்கு சீராவதைத் தாமதப்படுத்துகிறது என்று எலிகளிடம் நடந்த சோதனை 2002இல் காட்டியது. 1998இல் இதே டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்துபோய் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பழைய டில்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். எனவே பச்சைக் குழந்தைக்குக் கடுகெண்ணெய் வேண்டாம் என்பது என் கருத்து. தேங்காய் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், நம்பகமான இடத்தில் வாங்கியது, வாசனைப் பொருள் சேர்க்காதது போதும். தோலில் சிவப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

என் அம்மாவோடு நான் சண்டை போட்டது வேறு காரணத்துக்காக. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஏண்டி, உன்னையும் இப்படித்தானே வளர்த்தேன், உனக்கு என்ன குறைந்துபோச்சு?" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். இருமல்கூட வராமல் இறங்கிவிடும் என்பதுதான் இதில் அபாயம். அதேபோல, பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் 'பால்' எடுப்பது சீழ் கட்டியில் போய் முடியும். மூக்கை நிமிர்த்துவது, தலையை உருட்டுவது, கைகால்களை முறுக்கிச் சொடக்கு எடுப்பது, தலைகீழாகத் தூக்குவது எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

ஆக, சங்க வாசலில் தீர்ப்புக் கேட்ட சகோதரிக்கு என் பதில்: மாமியார் சொல்வதும் சரி, மருமகள் பயப்படுவதும் சரி. எண்ணெய் தடவுங்கள். வெளியாள் கையில் விடாமல் தாயோ தந்தையோ பாட்டியோ தடவுங்கள். முரட்டு வேலை எதுவும் வேண்டாம்.

நான் செய்த தவறு

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன விஷயம்.

2011 டிசம்பரில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து வீட்டுக்கு வந்தார். குளிருக்குப் பயந்து ரஜாயை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். "அத்தை, தினமும் நாலு தடவையாவது வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போவேன். மாலையில் கேட்டால் "நடந்தேம்மா" என்பார். நடக்கவில்லை என்று எனக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மதியம் என் கணவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "அம்மாவுக்கு இடது கால் கனக்குதாம். ஆடுசதை வலிக்குதாம். என்ன செய்யலாம்?" வெளியே இருபது நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சொன்னேன்: "படுத்தே இருந்தா அப்படித்தான் இருக்கும். மாலிஷ்காரம்மாவை வரச் சொல்லி லேசா நீவிவிடச் சொல்லுங்க."

எங்கள் காலனியில் பல வீடுகளுக்கு வந்துபோகும் அந்த அம்மாள் பீகாரில் தர்பங்காப் பக்கத்தைச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று மணிக்கு வந்தார். எண்ணெயைச் சுட வைத்தார். ரஜாயை விலக்கினார். இரண்டு ஆடுசதைகளையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் ஒவ்வொரு காலையும் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் கணவரிடம் சொன்னாராம்: "பையாஜி, ஒரு கால் மட்டும் தடிச்சிருக்கு. தவா மாதிரி சுடுது. இதை நான் தொட மாட்டேன். தீதியைக் கூப்பிடுங்க. இன்னைக்கே டாக்டர்கிட்டே போங்க." கொடுத்த பணத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மாலையே ஸ்கேன் எடுத்தோம். தொடையின் ஆழ் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அந்தக் காலை அழுத்தி நீவியிருந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். போனால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடக்கூடும். உடனே ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, பிறகு பல மாதம் மாத்திரை. மாமியார் பிழைத்தார். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்தார்.

அறுவைக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால் தொடாதே என்பது எங்கள் பாடத்தில் முதல் வகுப்பு. இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்தவள். என் வீட்டு நோயாளிக்கு, பார்க்காமல், போனில் 'நீவிவிடுங்கள்' என்றேன். படித்த என் வாய் சொன்னதை, படிக்காத அந்தக் கை மறுத்தது.

சில நாள் கழித்து அந்த அம்மாளிடம் கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒரு வீட்டிலே, குழந்தை பெத்த பொண்ணு ஒண்ணுக்கு இதே மாதிரி கால். நான் நல்லா அழுத்தி மாலிஷ் பண்ணினேன். மறுநாள் அவளுக்கு மூச்சு முட்டிச்சு. பிழைக்கலை. யாரும் என்னைக் குத்தம் சொல்லலை தீதி. யாருக்கும் தெரியாது. அதிலேயிருந்து ரெண்டு காலையும் தொட்டுப் பார்க்காம எண்ணெயைத் தொடறதில்லை."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதலாமா என்று அவரிடம் அப்போதே கேட்டேன். "எழுதுங்க. இன்னொரு வீட்டிலே நடக்கக் கூடாது" என்றார்.

எப்போது தொடக்கூடாது?

கீழ்க்கண்டவற்றை வெட்டி எடுத்து மருந்துப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடாதீர்கள். அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை, மாவுக்கட்டு, நீண்ட ரயில் அல்லது விமானப் பயணம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு மிகவும் கவனம் தேவை. கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2. அடிபட்ட முதல் இரண்டு நாட்கள், வீங்கிய இடத்தில் தேய்க்காதீர்கள். எலும்பு முறிவோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே.

3. காய்ச்சல், தோலில் புண், கொப்புளம், சீழ், பரவும் சிவப்பு இருந்தால் வேண்டாம்.

4. கழுத்தை 'டொக்'கென்று சொடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். முடி வெட்டிய பின் நாவிதர் இனாமாகச் செய்தாலும் சரி. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். தொன்னையோடு நின்ற பெரியவருக்கும் இதுவே பதில். தோளைப் பிடித்துவிடச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள்.

5. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலிந்த முதியவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்ட பிறகே செய்துகொள்ள வேண்டும். அப்போதும் மென்மையாக.

6. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுகிற எண்ணெய் ஊற்றினாலும் தெரியாது. பாதத்தை முதலில் நன்றாகப் பார்த்து, எண்ணெயின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் சோதித்துவிட்டு, மெதுவாகத் தடவுங்கள். விரல் இடுக்கில் எண்ணெய் நிற்கக்கூடாது.

7. பக்கவாதம் வந்தவரின் சோர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும்.

8. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், கால் மரத்துப்போதல், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் அது மஸாஜுக்கு உரிய வலி அல்ல.

வீட்டில் செய்யும் முறை

வேறு தடை ஒன்றும் இல்லை என்றால், வீட்டிலேயே 15 நிமிடம் போதும். தோளுக்கும் காலுக்கும் எளிய முறை ஒன்று சொல்கிறேன்.

முதலில் இரு கைகளாலும் இரு பக்கத்தையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்: சூடு, வீக்கம், வலி. இது தர்பங்கா அம்மாளிடம் நான் கற்ற பாடம். மோதிரம், வளையல்களைக் கழற்றி, நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; ஒரு மேஜைக் கரண்டி போதும்.

தோளுக்கு: உட்கார வைத்துப் பின்னால் நில்லுங்கள். கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை உள்ளங்கையால் மெதுவாகப் பத்து முறை நீவுங்கள். பிறகு சப்பாத்தி மாவு பிசைவதுபோல் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் சதையைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். இறுகிய முடிச்சு ஒன்று தட்டுப்பட்டால் கட்டைவிரலால் 20 நொடி நிதானமாக அழுத்தி மெல்ல விடுங்கள். முன்கழுத்தைத் தொட வேண்டாம். கடைசியில் மறுபடி நீவி முடியுங்கள்.

காலுக்கு: படுக்க வைத்து, காலடியில் ஒரு தலையணை. பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி, அதாவது இதயத்தை நோக்கி, நீவுங்கள். முழங்கால் குழியிலும் எலும்பின் மேலும் அழுத்தாதீர்கள். பிடிப்பவர் வலிமைக்கு அளவு, படுத்திருப்பவர் முகம். புருவம் சுருங்கினால் அழுத்தம் அதிகம் என்று பொருள். 'வலித்தால்தான் குணமாகும்' என்பது தவறு.

முடிந்ததும் ஐந்து நிமிடம் படுக்க வைத்து, பாதத்து எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே எழுந்து நடக்க விடுங்கள். எண்ணெய்க் காலோடு மொசைக் தரையில் நடந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட பெரியவர்கள் என் பதிவேட்டில் நிறையப் பேர்.

டில்லிக் குளிரில் இன்னொரு எச்சரிக்கை. எண்ணெய்க் குளியலுக்காக அறையைச் சூடாக்குவதாகக் கதவு ஜன்னலை அடைத்துக் கரி அங்கீட்டி வைக்காதீர்கள். குளியலறைக்குள் கேஸ் கீஸரும் காற்றோட்டமின்றி ஓடக்கூடாது. இரண்டிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் உயிர்கள் போகின்றன.

வெளியே போய்ச் செய்துகொள்வதானால் பிசியோதெரபி பட்டம் பெற்றவரிடமோ, முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமோ போங்கள். ஊருக்குப் போகும்போது வசதி இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் தொக்கணம் பற்றிக் கேட்கலாம்.

முடிவாக ஒன்று. நாம் ஊரை விட்டு வந்தவர்கள். பிள்ளைகள் இன்னும் தூரம் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களை நாம் கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை கொடுக்கிறோம், தட்டில் சாப்பாடு வைக்கிறோம், டி.வி. போட்டுக் கொடுக்கிறோம். கை வைத்துத் தொடுவதில்லை. என் மாமியார் கடைசி ஆண்டுகளில் இரவு ஒன்பது மணிக்குக் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு நான் எண்ணெய் தடவுவேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் பழைய தஞ்சாவூர்க் கதையெல்லாம் சொன்னார். வலி எவ்வளவு குறைந்தது என்று நான் அளந்து பார்க்கவில்லை. ஒரு நாள் நான் தாமதமாக வந்தால், "இன்னிக்கு இல்லையாம்மா?" என்று கேட்பார்.

இன்று இரவே உங்கள் வீட்டில் ஒருவர் காலைத் தொட்டுப் பாருங்கள். முதலில் இரண்டையும் பாருங்கள். பிறகு எண்ணெயை எடுங்கள்.